ஒண்டி மீனும் எதிர்வீட்டுக் கம்ப்யூட்டரும்

சாயங்காலம் ஆனால் நம் பிளாக்குக்குக் கீழே சிமெண்ட் பெஞ்சில் வந்து உட்காருகிறோமே, நம் ஐந்தாறு பேருக்காகத்தான் இதை எழுதுகிறேன். முழங்கால், சர்க்கரை, மருமகள், இந்த மூன்றை விட்டால் நமக்குப் பேச்சே இல்லை என்று வாட்ச்மேன் கேலி செய்கிறான். நான் வேறு ஒன்று சொல்ல வேண்டும். வாயால் சொன்னால் பாதியிலேயே யாராவது குக்கர் விசில் கேட்டு எழுந்து போவீர்கள். காகிதம் எழுந்து போகாது.

எனக்கு எழுத்து கொஞ்சம்தான். ஐம்பது வயதைத் தாண்டிக் கூட்டிக் கூட்டிக் கற்றது. சின்ன ‘ர’வும் பெரிய ‘ற’வும் எனக்கு ஒன்றுதான். மருமகள் அதை மட்டும் சரி செய்தாள். மற்றதில் கை வைக்காதே என்று சொல்லிவிட்டேன். தலையில் கூடை வைத்துக் கோவிலம்பாக்கம் வரைக்கும் மீன் விற்று ஒரு பிள்ளையைப் படிக்க வைத்தவள் நான். என் பேச்சை நானே எழுதிக்கொள்வேன்.

எதிர்வீட்டுப் பொண்ணை உங்களுக்குத் தெரியும். கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு ஓ.எம்.ஆர். கண்ணாடிக் கட்டடத்துக்கு ஓடுகிறதே, அதுதான். பால் பாக்கெட்டை எடுத்து வைக்கச் சொல்லி என்னிடம் ஒரு சாவி கொடுத்திருக்கிறது. உள்ளே போனால், ஆளில்லாத வீட்டில் கம்ப்யூட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். மேல் மூச்சு வாங்குவதுபோல ஒரு சத்தம். பக்கத்தில் நின்றால் அடுப்படி மாதிரி சூடு. நான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். சென்ற கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர் லாரிக்காகக் குடங்களை வரிசை போட்டுவிட்டு எல்லாரும் வாசலில் நின்றபோது கேட்டே விட்டேன்.

“ஏம்மா, வூட்ல யாரும் இல்லாதப்போ அது யாருக்காக ஓடிகினு கீது?”

“அது ஒரு நம்பரைச் சோதிக்குது ஆன்ட்டி.”

“போன் நம்பரா?”

பொண்ணு சிரித்தது. “பெரிய பிரைம் நம்பர். தமிழ்ல பகா எண். உலகம் பூரா நிறைய பேர் வீட்டு கம்ப்யூட்டர்ல இப்படித் தேடுறாங்க. ஆளுக்கு ஒரு நம்பர் பிரிச்சுக் குடுப்பாங்க. என்னோடது முடிய இன்னும் மாசக்கணக்குல ஆகும்.”

“அம்மாம் பெருசா?”

“எழுதினா நம்ம பிளாக் சுவர் எல்லாம் பத்தாது ஆன்ட்டி.”

“கெடச்சா இன்னா பண்ணுவ?”

“ஒண்ணும் பண்ண மாட்டேன். அப்படி ஒண்ணு இருக்குன்னு தெரியும். அவ்ளோதான்.”

அந்தப் பதில் எனக்குப் பிடித்தது. ஆனாலும் விடவில்லை. பகா எண் என்றால் என்ன என்று கேட்டேன். பொண்ணு சுற்றிப் பார்த்தது. கீழே கிடந்த குடங்களைக் காலால் நகர்த்தியது. பன்னிரண்டு குடம். மூன்று மூன்றாக நாலு வரிசை வந்தது. கலைத்து ஆறு ஆறாக இரண்டு வரிசை வைத்தது. பிறகு என்னுடைய பச்சைக் குடத்தையும் இழுத்துச் சேர்த்தது. பதின்மூன்று. மூன்று மூன்றாக வைத்தாலும் நாலு நாலாக வைத்தாலும் பச்சைக் குடம் வெளியே நின்றது. ஐந்தாக வைத்தால் மூன்று குடம் வெளியே நின்றது.

“எப்படி அடுக்கினாலும் சமமா வராது. இப்படி இருக்கிற எண்தான் ஆன்ட்டி.”

“அடி போடி. இதுக்குப் பேரு ஒண்டி. இதை வச்சு நான் ஒரு மழைக்காலம் சோறு துன்னிருக்கேன்.”

அதுதான் கதை. லாரி வருவதற்குள் சொல்லி முடிக்க முடியவில்லை. இங்கே சொல்கிறேன்.

எனக்கு அப்போது எட்டு வயது இருக்கலாம். யார் எழுதி வைத்தார்கள்? கோவளத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் குப்பம். அப்பா கட்டுமரத்தில் போகிறவர். ஆடி மாதக் காற்றில் இருமத் தொடங்கியவர் நிறுத்தவில்லை. ஒருநாள் இருமலோடு ரத்தம் வந்தது. அம்மா யாரையும் கேட்காமல் அவரைத் தாம்பரத்துக் காச ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள்.

அப்பாவுக்கு ஒரு அக்கா. என் அத்தை. பனைமரம் மாதிரி உயரம், அதற்குத் தகுந்த குரல். அவளுக்கு அது பொறுக்கவில்லை. கிணற்றடியில் வைத்தே அம்மாவைக் கேட்டாள்.

“என் தம்பிய உசுரோட கொண்டுபோய்த் தள்ளிட்டு வந்துட்டியே, உனக்கு நெஞ்சு கீதாடி?”

“வூட்ல வெச்சிருந்தா நீயா இருமிக் குடுப்ப?” என்றாள் அம்மா.

அதோடு பேச்சு நின்றது. எங்கள் வீட்டுக்கும் அத்தை வீட்டுக்கும் நடுவில் ஒரு பூவரச மரம்தான். அந்த மரத்தைத் தாண்டி ஒரு நெருப்புக் கங்குகூட இந்தப் பக்கம் வரவில்லை.

கடலுக்கு ஆள் போகாத வீட்டுக்குக் கூறு கிடையாது. கூறு என்றால் பங்கு, மணலில் குவித்து வைக்கிற பங்கு. அப்பா போகாததால் எங்களுக்கு மீன் இல்லை. அம்மா உப்பளத்தில் கூலிக்குப் போனாள். கஞ்சிக்கு வந்தது. தொட்டுக்கொள்ள உப்புதான், அதற்கு மட்டும் பஞ்சம் இல்லை. உதவி என்று யாராவது வந்தால் அம்மாவுக்கு முகம் சிவந்துவிடும். முறத்தில் அரிசி கொண்டுவந்த பெரியம்மாவை, “உன் வூட்ல எலி இல்லியா, அதுக்குப் போடு” என்று திருப்பி அனுப்பினாள். அவள் புறங்கையில் உப்பு பூத்து வெடித்திருந்தது எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. நான் இளைத்துக்கொண்டு வந்தேன். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. பாவாடை நாடாவை அம்மா தினமும் கொஞ்சம் இழுத்துக் கட்டினாள், அதில் தெரிந்தது.

இப்போது கூறு போடுவது எப்படி என்று சொல்ல வேண்டும். பொடி மீனைக் கூடையால் அளந்து கொடுத்துவிடுவார்கள். பாறை, சங்கரா மாதிரி கையளவு மீனை ஒவ்வொன்றாக எண்ணி வைப்பார்கள். கடலுக்குப் போன ஆளுக்கு ஒரு கூறு. மிச்சமில்லாமல் சமமாகப் பிரிவதை ஒட்டுவது என்போம். ஒட்டவில்லை என்றால் வலைக்கு ஒரு கூறு சேர்த்துப் பார்ப்பார்கள். அதுவும் ஒட்டவில்லை என்றால் கட்டுமரத்துக்கு ஒன்று. அந்தக் கூறுகளை விற்று நூலும் கயிறும் வாங்குவார்கள். ஏதோ ஒரு கணக்கில் ஒட்டிவிட்டால் சரி. எந்தக் கணக்கிலும் ஒட்டாமல் மிஞ்சுகிற மீனுக்கு ஒண்டி என்று பெயர். அதை எந்த ஆம்பிளையும் தொட மாட்டான், சண்டை வரும்.

கூறு போட்ட பிறகு எந்தக் கூறு யாருக்கு என்பதற்கு ஆளாளுக்கு ஒரு அடையாளம் கொடுப்பார்கள். பீடித் துண்டு, கிளிஞ்சல், வலை மிதவை, பல் குச்சி. ஒரு பிள்ளையை முதுகு காட்டி நிற்க வைத்து, அடையாளங்களைக் கையில் திணித்து, கூறுகள் பக்கம் திரும்பச் சொல்லுவார்கள். எந்த அடையாளம் யாருடையது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. கூறுக்கு ஒன்றாக அது வைக்க வேண்டும். அந்த வேலைக்குக் கூலிதான் ஒண்டி. ஒன்று மிஞ்சினால் ஒன்று, மூன்று மிஞ்சினால் மூன்று. மிஞ்சாவிட்டால் கூலியும் கிடையாது.

எங்கள் கரையில் கூறு போடுகிறவள் அத்தை.

அப்பா ஆஸ்பத்திரிக்குப் போன சில நாளில், கரையோரம் நண்டு வளை தோண்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து அவள் கத்தினாள்.

“இன்னாடி முழிக்கிற? நவுந்து வா. அடையாளம் வை.”

அத்தனை பிள்ளைகள் நிற்கும்போது ஏன் என்னை என்று எனக்குப் புரியவில்லை. பயந்து பயந்து போனேன். வைத்தேன். அன்றைக்கு ஒரு சங்கரா மிஞ்சியது. விளிம்பில் சிவப்புச் சாயம் தோய்த்த ஓலைக் கூடை ஒன்று அத்தையிடம் உண்டு. அதில் அதைப் போட்டு என்மேல் தள்ளினாள். “கூடைய நாளைக்குக் கொண்டாந்து குடு. உங்கம்மா அடுப்புல வெச்சிடப் போறா.”

அம்மா அந்தக் கூடையை வெகுநேரம் பார்த்தாள். “அவ குடுத்தாளா?”

“ஒண்டிம்மா. நான் அடையாளம் வெச்சேன்.”

அம்மா மூக்கை உறிஞ்சினாள். “வேலை செஞ்ச கூலி. யாரும் நமக்குச் சும்மா குடுக்கல.” பிறகுதான் அரிவாள்மணையை எடுத்தாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் புளி கொதித்த வாசனையை நான் பூவரச மரம் வரைக்கும் போய் நின்று முகர்ந்து பார்த்தேன்.

அதற்குப் பிறகு தினமும் அத்தை என்னைக் கூப்பிட்டாள், தினமும் திட்டினாள். “கையா அது, நண்டுக் காலா? நேரா வை.” “உங்கம்மா மாதிரி மூஞ்சியத் தூக்காத.” நான் அவளை வெறுத்தேன். ஆனால் அநேகமாக எல்லா நாளும் ஒண்டி மிஞ்சியது. கொடுப்பது கடல், நான் அதிர்ஷ்டக்காரி என்று நினைத்துக்கொண்டேன். மணிக்கட்டில் ஒட்டிய செதில்களைத் தட்டாமல் தூங்குவேன். விடிந்ததும் அதில் வெளிச்சம் படும்.

ஒருமுறை அம்மா என்னை அப்பாவிடம் கூட்டிப் போனாள். உப்பங்கழியைத் தோணியில் தாண்டி, கேளம்பாக்கம் வரைக்கும் நடந்து, அங்கிருந்து வண்டி பிடித்து, வண்டலூரில் ரயில் ஏறினோம். நான் முதலில் பார்த்த ரயில் அது. ஆஸ்பத்திரியில் பினாயில் வாசனையும் வேப்பங்காற்றும் ஒன்றாக வந்தன. பிள்ளைகளை உள்ளே விடவில்லை. ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் அப்பா, இந்தப் பக்கம் நான். கம்பளி போர்த்தி, தாடி வளர்த்து, வேறு யாரோ மாதிரி இருந்தார்.

“இன்னா கண்ணு, மீனு துன்னியா?”

“தினமும் ஒண்டி கெடைக்குதுப்பா.”

“தினமுமா? யாரு கூறு போடுறா?”

“அத்தை.”

அப்பா சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பாகி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நர்சம்மா வந்து அதட்டினாள். அம்மா, “எதுக்குச் சிரிப்பு?” என்று கேட்டாள். அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஒண்ணும் இல்ல” என்றார். நாங்கள் கிளம்பும்போது எனக்கு ஒன்று கொடுத்தார். கூறு போடும்போது அவர் வைக்கும் அடையாளம் அது. கடலில் உருண்டு உருண்டு முனை மழுங்கிய நீலக் கண்ணாடித் துண்டு. “பத்திரமா வெச்சுக்கோ. நான் வந்து கேப்பேன்.” நான் அதைப் பாவாடை நாடாவில் முடிந்துகொண்டேன்.

வாடை அடிக்கத் தொடங்கிய பிறகு ஒருநாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். அன்றைக்குக் கடலுக்குப் போனது நாலு பேர். வலைக்கு மேஸ்திரி மாதிரி இருந்த ஒருவரை நான் வலைக்கார மாமா என்பேன். ஒண்டி போவது அவருக்கு வயிற்றெரிச்சல். அத்தை எண்ணுவதற்கு முன்னாலேயே எண்ணிவிட்டார்.

“முப்பத்திரண்டு. ஆளுக்கு எட்டு. ஒட்டிப்போச்சு. குட்டி, நீ வூட்டுக்குப் போ.”

அம்மா அன்றைக்குக் காய்ச்சலில் படுத்திருந்தாள், உப்பளத்துக்குப் போகவில்லை. ஒண்டி கிடைக்காவிட்டால் அடுப்பே இல்லை.

அத்தை மீன்களைப் பார்த்தாள். குனிந்து இருப்பதிலேயே நல்ல பாறையாக ஒன்றை வால் பிடித்து எடுத்தாள். தண்ணீர் வரைக்கும் நடந்தாள். “அம்மாவுக்கு ஒண்ணு” என்று அலையில் வீசிவிட்டு வந்தாள். எங்களுக்குக் கடல்தான் அம்மா.

“நேத்து அம்மாவுக்குப் போடலியேக்கா?” என்றார் மாமா.

“நேத்து கேக்கல. இன்னிக்குக் கேட்டா.”

“உன் காதுல மட்டும் கேட்டாளா?”

“உன் காதுல பீடிப் புகை அடைச்சுகினு கீது. எண்ணு.”

முப்பத்தொன்று. நாலு கூறில் ஏழேழு போய் மூன்று மிஞ்சியது. வலையைச் சேர்த்து ஐந்து கூறு போட்டார்கள், ஒன்று மிஞ்சியது. மரத்தைச் சேர்த்து ஆறு போட்டார்கள், அப்போதும் ஒன்று. மாமா மண்டியிட்டு மறுபடி கலைத்தார். “ஏழு வை.”

“ஏழாவது யாரு, உன் மாமியாரா?”

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். மாமாவும் சிரித்தார். ஆறு கூறாகவே வைத்தார்கள், ஒரு பாறை மிஞ்சியது. அது சிவப்பு விளிம்புக் கூடையில் என்னிடம் வந்தது.

வீட்டில் அம்மாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அவள் படுத்தபடியே, “நல்ல மீனைத் தூக்கிக் கடல்ல போடுறா பாரு. கை நெறைய கீற திமிரு” என்றாள். நானும் ஆமாம் என்றேன். பிறகு இரண்டு பேரும் அந்த மீனைத் தின்றோம். முள்ளைக்கூட விடவில்லை.

பொங்கலுக்கு முன்னால் அப்பா வந்துவிட்டார். கடலுக்குப் போகக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கரையில் உட்கார்ந்து வலை தைத்தார். முதல் நாள் மரம் வந்து மீன் கொட்டியதும், நான் வழக்கம்போல் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். அத்தை எண்ணினாள். அம்மாவுக்கு என்று எதுவும் எடுக்கவில்லை. முப்பத்தைந்து மீன். போனது நாலு பேர். ஐந்து கூறாக வைத்தாள், கூறுக்கு ஏழு. ஒன்றும் மிஞ்சவில்லை.

அடையாளங்களைக் கையில் வாங்கினேன். நாலுதான் இருந்தது.

“இன்னொண்ணு எங்கடி?” என்றாள் அத்தை.

“எது?”

“உங்கப்பன் கண்ணாடித் துண்டு. வலை தெச்சவனுக்கும் கூறு உண்டு. எடு.”

நாடாவிலிருந்து அவிழ்த்தேன். ஐந்தையும் கண்ணை மூடிக்கொண்டு வைத்தேன். நீலம் வெயிலில் மின்னியது. ஆனால் நான் சின்னப் பிள்ளைதானே. ஏழு மீன் எங்கள் வீட்டுக்கு வந்தது எனக்குத் தெரியவில்லை. என் ஒண்டி போய்விட்டதுதான் தெரிந்தது. “என் ஒண்டி எங்க?” என்று அழுதேன்.

அத்தை குனிந்து என் முகத்துக்கு நேரே கத்தினாள். “இனிமே உனக்கு இன்னாத்துக்குடி ஒண்டி? உனக்குத்தான் கூறு கீதே!”

மறுநாளிலிருந்து அவள் என்னைக் கூப்பிடவில்லை. வேறு பிள்ளை அடையாளம் வைத்தது. எனக்கு அவமானமாக இருந்தது. பெரியவளாகி, கல்யாணமாகி, மீன் கூடை தூக்கிய பிறகும் அத்தை என்றால் எனக்கு அந்தக் கத்தல்தான் ஞாபகம் வரும். அம்மா கண்ணை மூடும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள், “உங்க அத்தை கையால ஒரு மீன் நம்ம வூட்டுக்கு வந்ததில்ல” என்று. அத்தை அதற்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். சாவுக்குப் போய் அம்மா வாசலிலேயே நின்றுவிட்டு வந்தாள்.

இப்போது மறுபடி குடத்துக்கு வருகிறேன். லாரி வந்து போய், தண்ணீரை மேலே ஏற்றிவிட்டு, அந்தப் பொண்ணு என் வீட்டில் மோர் குடித்துக்கொண்டிருந்தது. மீதிக் கதையை அப்போதுதான் சொல்லி முடித்தேன். அத்தையை நன்றாகத் திட்டித்தான் சொன்னேன். பொண்ணு டம்ளரைக் கீழே வைத்தது.

“ஆன்ட்டி, தினமும் மிஞ்சிச்சுன்னா சொன்னீங்க?”

“அநேகமா தினமும்.”

“அப்படி வர வாய்ப்பே இல்ல ஆன்ட்டி. ஒட்டாத எண் கொஞ்சம்தான். மேல போகப் போக இன்னும் கொறஞ்சுகிட்டே வரும். சுத்தமா தீர்ந்துபோகாது, ஆனா அபூர்வமாயிடும். அதனாலதான் நாங்க இப்படித் தேடுறோம். ஒண்ணை ரெண்டாக்கி, ரெண்டை நாலாக்கி, இப்படி ரெட்டிச்சுகிட்டே போய், கடைசில ஒண்ணே ஒண்ணை எடுத்துடணும். எல்லாத் தடவையும் அமையாது. அமைஞ்சா அது ஒட்டாத எண். முப்பத்திரண்டுல ஒண்ணை எடுத்தா...”

“முப்பத்தொண்ணு” என்றேன்.

கையிலிருந்த மோர்ச் சட்டியை இறக்கி வைத்தேன்.

கடைசியில் ஒன்றை எடுத்துவிட வேண்டும். அத்தை எடுத்தாள். வால் பிடித்து, தண்ணீர் வரைக்கும் நடந்து. எண்ணிக்கை தானாக ஒட்டாத நாளில் கடலம்மா எதுவும் கேட்கவில்லை. ஒட்டிவிடுகிற நாளில் மட்டும் கேட்டாள். அத்தைக்குப் பள்ளிக்கூடம் தெரியாது, கம்ப்யூட்டர் தெரியாது. மணலில் வைத்தும் கலைத்தும் பழகிய கை. எத்தனை மீன் இருந்தால் மாமா எப்படிப் புரட்டினாலும் ஒட்டாது என்று அந்தக் கைக்குத் தெரிந்திருக்கிறது. சும்மா கொடுத்தால் அம்மா வாங்க மாட்டாள் என்றும் தெரிந்திருக்கிறது. அதனால் கூலியாக மாற்றினாள். ஒரு மீன் என் வீட்டுக்கு வருவதற்கு ஒரு மீனைக் கடலுக்குக் கொடுத்தாள். அப்பா கம்பிக்கு அந்தப் பக்கம் சிரித்தது இதற்குத்தான். அம்மாவிடம் சொல்லாமல் விட்டதும் இதற்குத்தான்.

“ஆன்ட்டி, அழறீங்களா?”

“மோர்ல பச்சமொளகா ஜாஸ்தி. நீ குடி.”

அந்த நீலக் கண்ணாடி எந்த வீடு மாறும்போது தொலைந்ததோ தெரியவில்லை. சிவப்பு விளிம்புக் கூடை அத்தையோடு போனது. இரண்டும் இருந்தால் இன்றைக்கு உங்களிடம் காட்டியிருப்பேன். அன்றிலிருந்து பால் எடுத்து வைக்கப் போனால் அந்தக் கம்ப்யூட்டரை நான் திட்டுவதில்லை. தூசி தட்டிவிட்டு வருவேன். கரண்டு போகிற நாளில் எனக்கே பதைப்பாக இருக்கும். விட்ட இடத்திலிருந்து மறுபடி ஓடும், கவலைப்படாதீர்கள் என்று பொண்ணு சொல்லும்.

போன வாரம் பொண்ணு கதவைத் தட்டியது. கழுத்து அட்டையைக்கூடக் கழற்றவில்லை. முகம் விழுந்திருந்தது.

“முடிஞ்சிடுச்சு ஆன்ட்டி.”

“ஒண்டியா?”

“இல்ல. பிரியுமாம்.”

“எத்தினி கூறா?”

“அது மெஷினுக்கே தெரியாது. சமமா பிரியும்னு மட்டும் சொல்லும், எத்தனையா பிரியும்னு சொல்லாது. இத்தனை நாள் ஓடினது வேஸ்ட்.” கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது.

நான் உள்ளே இழுத்து உட்கார வைத்தேன். சங்கரா குழம்பு இருந்தது, தட்டில் சோறு போட்டேன். குனிந்து அதன் முகத்துக்கு நேராகச் சொன்னேன். குரல் எனக்கே அத்தை குரல் மாதிரி கேட்டது.

“எதுக்குடி அழுவுற? ஒட்டிப்போச்சுன்னா இன்னா அர்த்தம்? எவ வூட்டு ஆம்பிளையோ பொழச்சுக் கரைக்கு வந்து உக்காந்துட்டான். துன்னு.”